ஆட்டோமேட்டிக் காரில் லோ கியர்: மலைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்ட சந்தேகங்கள்

எங்கள் வீடு மேட்டுப்பாளையத்தில், ஊட்டி சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள், தம்பியின் கூட்டாளிகள் என்று மலைக்குப் போகிற எல்லோருக்கும் ஏறும்போது இங்கே ஒரு காபி, இறங்கும்போது ஒரு சாப்பாடு. முன்பெல்லாம் வாசலில் வந்து நின்றவை கியர் வண்டிகள். இந்த ஏழெட்டு வருடமாகப் பாதிக்கு மேல் ஆட்டோமேட்டிக். வண்டி வந்து நின்றதும் முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடை வருவதும் அதே ஏழெட்டு வருடமாகத்தான்.

"லோ கியர் போட்டீங்களா?" என்று நான் கேட்டால், பதிலுக்கு ஒரு கேள்வி வரும். வந்த கேள்வியே திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. முப்பது வருடமாக இந்த மலையில் ஓட்டுகிறவன், அவ்வளவுதான். உங்கள் காரோடு வந்த கையேடு நான் சொல்வதற்கு மாறாக ஏதாவது சொன்னால், கையேட்டைக் கேளுங்கள்.

"ஏனுங்க, டி-க்குக் கீழ எல்-னு ஒண்ணு இருக்குதே, அது என்னங்க?"

லோ. கியர் வண்டியில் முதல் கியர் என்று சொல்வோமே, அதுதான். டி என்பது டிரைவ், வழக்கமாக ஓட்டும் நிலை. அதில் விட்டால் கியர்பாக்ஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று தானாக மேலே போகும். எல்-லில் வைத்தால் முதல் கியரைத் தாண்டாது. நடுவில் 2 என்று இருந்தால், அதில் வைக்கும்போது இரண்டாவதைத் தாண்டாது. "இந்த கியரைப் போடு" என்பதைவிட "இதற்கு மேல் போகாதே" என்று கியர்பாக்ஸுக்குப் போடும் கடிவாளம் என்று எடுத்துக்கொண்டால் சரியாகப் புரியும்.

தாழ்ந்த கியரில் எஞ்சின் பல சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதனால் வேகம் குறைவு, இழுவை அதிகம். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இறக்கத்தில் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும், தாழ்ந்த கியரில் அதற்கு அது ரொம்ப மெனக்கெட வேண்டும். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இந்த ஒரு வரிதான் அடிப்படை.

"என் கார்ல எல்லே இல்லீங்க. கம்பெனிக்காரன் வெக்கலையா?"

வைத்திருப்பான், வேறு பெயரில். பழைய மாருதி எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா போன்றவற்றின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் பி, ஆர், என், டி, 2, எல் என்று வெளிப்படையாக இருக்கும். ஜிம்னியில் இன்றும் அப்படித்தான். புது ஆறு கியர் வண்டிகளில் எல் போய்விட்டது. பதிலாக லிவரைப் பக்கவாட்டில் தள்ளினால் எம் என்று மேனுவல் மோட் வரும், கூட்டல் கழித்தல் குறி இருக்கும். சிலவற்றில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கிற சின்ன நெம்புகோல் இருக்கும், பேடில் (paddle) என்பார்கள். கழித்தலைத் தட்டித் தட்டி 2 அல்லது 1-க்குக் கொண்டுவந்தால் அதுவே உங்கள் எல்.

ஏஎம்டி என்பது வேறு ஜாதி. 2014-ல் செலேரியோவில்தான் இந்தியாவுக்கு முதலில் வந்தது. உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச், சாதாரண கியர்பாக்ஸ். நம் காலும் கையும் செய்ததை ஒரு சின்ன இயந்திரம் செய்கிறது. அதிலும் எம், கூட்டல், கழித்தல் உண்டு. சிவிடியில் கியர் என்று தனித்தனியாகக் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் எஃகு பெல்ட். கப்பி விரிந்து சுருங்கி விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதில் எல் என்றோ எஸ் என்றோ போட்டால் எஞ்சினை அதிகச் சுற்றில் வைத்துக்கொள்ளும். ஹோண்டா சிட்டியில் எஸ்-ஸும் பேடிலும் இருக்கிறது. டிசிடி, டிஎஸ்ஜி என்று இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் மேனுவல் மோட். டொயோட்டா ஹைப்ரிட் சிலவற்றில் பி என்று இன்னொரு எழுத்து இருக்கும், பார்க்கிங் பி இல்லை. ஆங்கில வரிசையில் இரண்டாவது எழுத்து. எஞ்சின் பிரேக்கைக் குறிக்கிறது. இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து என்பதால் எங்கள் வீட்டில் ஒரு மதியம் முழுக்கக் குழப்பம் நடந்தது.

"ஆட்டோமேட்டிக்னா அதுவே மாத்திக்கோணும்ல? நான் எதுக்கு மாத்தோணும்?"

நியாயமான கேள்வி. கூடக் காசு கொடுத்து வாங்கியதே மாற்றாமல் ஓட்டத்தானே. ஆனால் கியர்பாக்ஸுக்கு முக்கியமாகத் தெரிவது இரண்டு: வண்டியின் வேகம், ஆக்சிலரேட்டரில் உங்கள் கால் எவ்வளவு அழுத்தம். இறக்கத்தில் காலை எடுக்கிறீர்கள், வேகமோ கூடுகிறது. பைபாஸில் நிம்மதியாக மிதந்து போகும் ஆளும் அதற்கு இப்படித்தான் தெரிவார். "சரி, சுகமாகப் போகிறார்" என்று மேல் கியருக்குப் போய்விடும். சரிவில் உங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

சில கார்களுக்குச் சரிவைக் கண்டுபிடிக்கும் புத்தி இருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் ஒரு கியர் தானாகக் கீழே வரும். நல்ல விஷயம்தான். ஆனாலும் அது பின்னால் நடந்ததைப் பார்த்து முடிவெடுக்கிறது. அடுத்த வளைவில் அரசுப் பேருந்து அகலமாகத் திரும்பி வருவது உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.

"லோ கியர் ஏர்றதுக்குத்தானே? இறங்கறப்ப வண்டி தானா ஓடுதே, எதுக்குங்க?"

வண்டி தானாக ஓடுவதுதான் பிரச்சினையே. ஏறும்போது கியரைத் தப்பாக வைத்தால் வண்டி திணறும், அவ்வளவுதான். இறங்கும்போது தப்பாக வைத்தால் பிரேக் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325. ஆட்கள், பெட்டி, படுக்கை, வர்க்கி டப்பா எல்லாம் சேர்த்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு எடையும் 1,900 மீட்டர் கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 28 மெகாஜூல், வீட்டு மின்சாரக் கணக்கில் கிட்டத்தட்ட 8 யூனிட். 30 டிகிரியில் இருக்கும் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், அதாவது ஆறு குடம். டயர் உராய்வும் காற்றும் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிடும். மீதி முழுவதையும் நாலு சக்கரத்துப் பிரேக்கின் தலையில் கட்டினால் என்ன ஆகும்?

சூடு ஏற ஏற, பிரேக் பேடுக்குள் உள்ள பிசின் ஆவியாகி, டிஸ்க் தட்டுக்கும் பேடுக்கும் நடுவே பிடிப்புக் குறையும். பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. இது ஒரு வகை. இன்னொன்று பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்த பிறகு 140 டிகிரிதான் உத்தரவாதம். டாட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி, பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். பிரேக் ஆயிலை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பான். பெரும்பாலும் இரண்டு வருடம். நான் கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

"எஞ்சின் எப்படிங்க பிரேக் புடிக்கும்? அது ஓடறதுக்குத்தானே இருக்கு?"

ஊசி இல்லாத சிரிஞ்சின் வாயை விரலால் மூடிக்கொண்டு பிடியை இழுத்துப் பாருங்கள். கை வலிக்கும். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வரும் வழி கிட்டத்தட்ட மூடிவிடும். பிஸ்டன்கள் மூடிய வாயிலிருந்து காற்றை உறிஞ்சப் போராடும். அந்தப் போராட்டத்துக்கான தெம்பைச் சக்கரத்திலிருந்துதான் எடுக்கிறது. வண்டி மட்டுப்படுகிறது. டீசலில் அந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும், ஆனால் உள்ளே அழுத்தமும் உராய்வும் அதிகம், அவை பிடிக்கும்.

நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் விகிதம் நான்காவதைப்போல நான்கு மடங்கு. அதே வேகத்தில் எஞ்சின் நான்கு மடங்கு சுற்றும், அது பிடித்து இழுப்பதும் சக்கரத்தில் நான்கு மடங்காகத் தெரியும். நான்காவதில் இல்லாத பிடிப்பு முதல் கியரில் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் விடை.

"எல் போட்டா நாலாயிரம் ஆர்பிஎம்ல கத்துதுங்க. எஞ்சின் போயிடாதா?"

போகாது. சத்தம் பழக்கமில்லாததால் பயமாக இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினின் சிவப்புக் கோடு பெரும்பாலும் ஆறாயிரத்துக்குப் பக்கத்தில். நாலாயிரத்தில் சுற்றுவது அதற்கு அன்றாட வேலை. அதுவும் இறக்கத்தில் சுமை எதுவும் இழுக்காமல், உள்ளே எதுவும் எரியாமல், சும்மா சுற்றுகிறது. டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள், ஏறாது. டீசலுக்குச் சிவப்புக் கோடு இன்னும் கீழே, நாலாயிரத்து ஐந்நூறு போல, அதனால் மூவாயிரத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

பக்கத்து சீட்டில் இருப்பவர் "என்னங்க இப்படிக் கத்துது" என்பார். பிரேக் பேட் கத்தாது, சத்தமில்லாமல் கருகும். எது தேவலை என்று அவரிடமே கேளுங்கள்.

"சுத்து அதிகமானா பெட்ரோல் அதிகம் குடிக்குமே. எங்கப்பா நியூட்ரல்ல போட்டுத்தான் இறங்குவாரு."

உங்கள் அப்பா ஓட்டிய கார்புரேட்டர் காலத்தில் அந்த நம்பிக்கைக்கு ஒரு அரைகுறை நியாயம் இருந்தது. இப்போதைய வண்டிகளில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால், எஞ்சின் சுற்று ஐடிலுக்கு மேல் இருக்கும்வரை இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறதே, எரிபொருள் எதற்கு? நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக நியூட்ரல்தான் குடிக்கும், லோ கியர் குடிக்காது.

பெட்ரோல் கிடக்கட்டும். நியூட்ரலில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டுறவே இல்லை, மேலே கணக்குப் போட்ட ஆறு குடத்தில் டயரும் காற்றும் தின்றது போக மீதி முழுவதும் நேராகப் பிரேக்குக்குத்தான் போகும். சிலர் ஒருபடி மேலே போய்ச் சாவியையே அணைத்துவிட்டு இறங்குவார்கள். பெடலை மிதிக்க லேசாக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு எஞ்சினின் உறிஞ்சல் வராது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கட்டையாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

"ஓடிட்டு இருக்கும்போதே டி-ல இருந்து எல்-லுக்கு இழுக்கலாமா, நிறுத்திட்டுத்தான் போடோணுமா?"

ஓடும்போதே போடலாம், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். பார்க்கிங், ரிவர்ஸ் இரண்டுக்கும்தான் வண்டி முழுதாக நிற்க வேண்டும். ஆனால் முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் கியரைக் குறையுங்கள். 70-ல் போகும்போது எல்-லுக்கு இழுத்தால் இப்போதைய வண்டிகள் ஒத்துக்கொள்ளாது. ஒரு பீப் அடிக்கும், அல்லது வேகம் குறைந்த பிறகு மெதுவாக இறங்கும். ஒத்துக்கொள்கிற பழைய வண்டியாக இருந்தால் முன்சக்கரம் வெடுக்கென்று பிடித்து இழுக்கும். மழை ஈரத்தில், அதிலும் புர்லியார் பக்கம் மரநிழலில் காயாத சாலையில், அப்படி வெடுக்கென்று பிடித்தால் வண்டி வழுக்கும். ஒவ்வொரு கியராக, வளைவுக்கு முன்பே, நேரான பாதையில் குறைத்து முடித்துவிடுங்கள்.

"சரி, எந்த இறக்கத்துக்கு எந்த கியர்? ஒரு கணக்கு சொல்லுங்க."

பழைய லாரி டிரைவர்கள் சொல்வது: ஏறின கியரிலேயே இறங்கு. ஆட்டோமேட்டிக்கில் ஏறின கியர் எது என்று பலருக்குத் தெரியாது என்பதால் நான் வேறு சோதனை சொல்வேன். இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். அந்தச் சரிவில் வண்டி வேகம் கூடிக்கொண்டே போனால் கியர் பெரிது, ஒன்று குறையுங்கள். வேகம் அப்படியே நின்றாலோ மெல்லக் குறைந்தாலோ சரியான கியர். ஆக்சிலரேட்டர் மிதிக்க வேண்டி வந்தால் ரொம்பக் குறைத்துவிட்டீர்கள்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பெரும்பாலான கார்களில் இரண்டாவது போதும், வளைவில் மட்டும் ஒரு தொடு பிரேக். வால்பாறையின் 40 வளைவுக்கும் ஏற்காட்டின் சேலம் பக்கத்து 20 வளைவுக்கும் அதே கதைதான். கொல்லிமலையில் 70 வளைவு, ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. அங்கே பல இடத்தில் முதல் கியர். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலை 36 வளைவு என்றாலும் எல்லாவற்றிலும் செங்குத்து. வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடாமல் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள் என்பதே அதன் லட்சணத்தைச் சொல்லும். விட்டாலும் எல்-லில்தான்.

பிரேக்கை எப்படி மிதிப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லேசாகத் தொட்டபடியே அரை மணி நேரம் இறங்குவதுதான் கருகல் வாடைக்குக் காரணம். தேவைப்படும்போது அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுதாக விட்டுவிடுங்கள். பேடுக்குக் காற்றுப் பட வேண்டும்.

"அப்ப ஏர்றப்ப டி-லயே விட்டா போதுமா?"

பாதி வழி போதும். ஐந்து பேர், ஏசி, செங்குத்து ஏற்றம் என்று சேரும்போது கியர்பாக்ஸுக்குக் குழப்பம் வரும். மூன்றுக்குப் போகும், திணறும், இரண்டுக்கு வரும், காலை எடுத்ததும் மறுபடி மூன்று. பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுப்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஊசலாட்டம் என்பது என் கட்சி. எம்-மில் இரண்டைப் போட்டு நிறுத்திவிட்டால் வண்டி ஒரே சீராக ஏறும்.

டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் ஓட்டத்தை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வண்டிகளுக்கு இன்னொரு லாபம். உயர்ந்த கியரில் திணறும்போது கன்வெர்ட்டருக்குள் ஆயில் வழுக்கி வழுக்கிச் சூடாகும். கியரைக் குறைத்தால் வழுக்கல் குறையும், ஆயிலும் பிழைக்கும்.

"மாமா, என்னோடது ஏஎம்டி. ஹேர்பின்ல நின்னுட்டுக் கெளம்பினா பின்னால உருளுது. பயமா இருக்கு."

ஏஎம்டியில் கிளட்ச் உங்கள் காலில் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குப் போகும் அந்த ஒரு வினாடியில் கிளட்ச் இன்னும் பிடித்திருக்காது. ஏற்றத்தில் காலை எடுத்த பிறகும் ஓரிரு வினாடி பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டு இருந்தால் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கியர் வண்டிக்காரர்களின் பழைய வித்தைதான்: ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, எம்-மில் முதல் கியர் வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து, வண்டி முன்னால் துடிக்கும்போது ஹேண்ட்பிரேக்கை விடுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று. ஏற்றத்தில் ஜாமில் நிற்கும்போது, பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைப்பது. டார்க் கன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். ஏஎம்டியில் கிளட்ச் தட்டு அப்படியே தேயும். முன்னால் ஒரு வண்டி இடம் விட்டு நில்லுங்கள். மேலே ஏறுகிறவருக்குத்தான் வழி விட வேண்டும் என்பது சாலை விதியிலேயே இருக்கிறது, அதனால் இறங்கி வருகிறவர் ஒதுங்கட்டும்.

"எனக்கு டிசிடி. போன மே மாசம் ஜாம்ல 'கியர்பாக்ஸ் சூடு'ன்னு காட்டுச்சு. வண்டி டிஃபெக்டா?"

அநேகமாக இல்லை. நம் சந்தையில் விற்கும் டிசிடிகளில் பல உலர் கிளட்ச் வகை, ஆயிலில் முங்கியிருக்காது. நடை வேகத்தில் ஏற்றத்தில் ஊர்ந்தால், மேலே ஏஎம்டிக்குச் சொன்ன அதே தேய்மானம், அதே சூடு. எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்திப் பார்க்கிங்கில் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை போய்விடும். அடுத்த முறை ஒவ்வொரு அடியாக ஊராதீர்கள். முன்வண்டி நாலைந்து கார் நீளம் போகும்வரை காத்திருந்து, ஒரேயடியாக அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

"லிவர்ல ஓ/டி ஆஃப்னு ஒரு பட்டன் இருக்குதுங்களே?"

ஓவர்டிரைவ். நான்கு கியர் வண்டியில் நான்காவதைப் பூட்டுகிற பட்டன், மூன்றோடு நிற்கும். கோத்தகிரி சாலையில் சில இடம் மாதிரி இறக்கம் லேசாக இருந்தால் இது போதும். முழு லோ கியருக்கு மாற்று இல்லை.

"மஹிந்திரா தார் ஜீப்புல 4எல்-னு இருக்கே, அதைப் போட்டு ஊட்டி இறங்கினா சூப்பரா புடிக்குமாமே?"

அந்த எல் வேறு. அது கியர்பாக்ஸில் இல்லை, நாலு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. ஜிம்னியில் இரண்டும் உண்டு, இரண்டுக்கும் தனித்தனி லிவர். 4எல்-லில் முன்னச்சும் பின்னச்சும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். சேறு, மணல் என்றால் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் சாலையில் வளைவு திரும்பும்போது வழுக்க இடமில்லாமல் உள்ளிருக்கும் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். ஊட்டி சாலைக்கு 2எச்-சில், அதாவது இரண்டு சக்கரத்துக்கு மட்டும் ஓட்டம் போகும் நிலையில் வைத்து, சாதாரண எல்-லோ எம்-மோ போடுங்கள்.

"என் மருமகன் மின்சாரக் கார் வாங்கியிருக்கான். அதுல கியரே இல்லையாமே, அப்ப எப்படி இறங்குவான்?"

உங்களையும் என்னையும்விடச் சுகமாக இறங்குவான். காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தைப் பிடிக்கும், அந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். நெக்ஸான் ஈவி போன்றவற்றில் இந்தப் பிடிப்பைக் கூட்டிக் குறைக்கலாம். இறக்கத்தில் அதிகமாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு நண்பர் ஊட்டியில் 62 சதவீதத்தோடு கிளம்பி எங்கள் வீட்டு வாசலில் 68-ஐக் காட்டினார். ஆறு குடம் வெந்நீரில் கொஞ்சம் பேட்டரிக்குள் போயிருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் ஏமாந்துவிடுவார்கள். ஓட்டலில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கத் தொடங்கினால், பேட்டரியில் வாங்க இடமில்லை, மோட்டார் பிடிப்பு குறைந்துவிடும் அல்லது இருக்கவே இருக்காது. மலை மேலே தங்கினால் எண்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

"மலைக்கே போகாதவனுக்கு எல் எதுக்குங்க? நான் சென்னைவாசி."

மழைக்காலத்தில் தேவைப்படும். தேங்கிய தண்ணீரில் போக வேண்டி வந்தால் எல்-லிலோ எம் 1-லோ, நடை வேகத்தில், காலை எடுக்காமல் ஒரே சீராகப் போங்கள். டி-யில் விட்டால் நடுவில் கியர் மாறி, சுற்று குறைந்து, சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏற வாய்ப்புண்டு. சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் எந்த கியரிலும் இறங்காதீர்கள். நடுவில் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கின் செங்குத்துச் சரிவிலும் போடலாம். மற்றபடி ஊருக்குள் தேவையில்லை.

"வாடை வந்துருச்சு. இப்ப என்ன பண்றது?"

அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள், பார்க்கிங் கியரில் போடுங்கள். ஏஎம்டி பலவற்றில் பார்க்கிங் கியர் கிடையாது, கியரில் வைத்தபடியே எஞ்சினை அணையுங்கள். கல் வைத்த பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள், சூடான பேட் தட்டோடு ஒட்டி நிற்கும். அரை மணி நேரம் டீ குடியுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். நல்ல மனசோடு ஒருவர் இரண்டு பாட்டில் மினரல் வாட்டர் ஊற்றி டிஸ்க் கோணிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறியதும் மிச்ச தூரத்தை ஒரு கியர் குறைவாக இறங்குங்கள்.

"பாதி மலையில பிரேக் மொத்தமா போயிருச்சுன்னா?"

பெடல் பஞ்சாக இருந்தால் வேகவேகமாகப் பலமுறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்ப வரலாம். அதே நேரம் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். எல்-லுக்கு இழுத்துவிட்டாலும் தப்பில்லை, மேலே சொன்னபடி ஒத்துக்கொள்ளும் வேகம் வந்ததும் அது இறங்கிவிடும். கை ஹேண்ட்பிரேக்காக இருந்தால் பட்டனை அமுக்கியபடியே படிப்படியாக இழுங்கள், வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றிவிடும். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கில் ஸ்விட்சை விடாமல் இழுத்துப் பிடித்தால் பல கார்களில் அதுவே அளவாகப் பிரேக் போடும். ஹாரன், நாலு பக்க இண்டிகேட்டர். கடைசி வழி, மலைப்பக்கத்து மண்சுவரில் உரசி நிறுத்துவது. பள்ளத்துப் பக்கத் தடுப்புக் கல்லை நம்பாதீர்கள்.

சாவியை அணைக்காதீர்கள், ஓடும்போது பார்க்கிங்குக்குத் தள்ளாதீர்கள். பார்க்கிங்கில் வண்டியைப் பிடிப்பது கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னக் கொக்கி. வேகத்தில் அது பல்லைக் கடகடவென்று உரசுமே தவிர நிறுத்தாது.

"க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு இறங்கலாமா? அதுவே வேகத்தைப் பாத்துக்கும்ல?"

வேண்டாம். சாதாரண க்ரூஸ் இறக்கத்தில் வேகம் கூடுவதைத் தடுக்காது. ரேடார் வைத்தது தடுக்கும், ஆனால் அது பெரும்பாலும் பிரேக்கைப் போட்டுத்தான் தடுக்கும். நாம் எதை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோமோ அதையே செலவழிக்கும்.

"எஞ்சின்லயே வேகம் கொறைச்சா பிரேக் லைட் எரியாதே. பின்னால வர்றவன் இடிச்சுட மாட்டானா?"

இதைக் கேட்டது ஒரு கல்லூரிப் பையன். இதுவரை வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. ஆமாம், எரியாது. மின்சாரக் கார்கள் சிலவற்றில் மோட்டார் பலமாகப் பிடிக்கும்போது எரியவைக்கிறார்கள், பெட்ரோல் டீசல் வண்டிகளில் பிரேக் பெடலைத் தொட்டால்தான் எரியும். கியரைக் குறைப்பதற்கு முன்னால் பெடலை இரண்டு முறை லேசாகத் தட்டுங்கள், வேகம் குறையாத அளவுக்கு, விளக்கு மட்டும் கண் சிமிட்டினால் போதும். அப்படியும் ஒருவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தால், அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்கி அவனை முன்னால் விட்டுவிடுங்கள். அவன் பிரேக் வாடையை அவனே முகரட்டும்.